உழாமல் விட்ட மூலை

எனக்கு வயது எழுபத்தாறு. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் இந்த வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு இருந்ததில்லை.

கல்வராயன் மலையடியில் எங்கள் மரவள்ளிக் கொல்லை. அதில் பண்ணைக்குட்டை வெட்ட வேண்டும் என்றான் என் பெரிய மகன். கள்ளக்குறிச்சியில் படிக்கும் அவன் மகள் போனை எடுத்து, எங்கே வெட்டலாம் என்று அதனிடம் கேட்டாள். வானத்திலிருந்து எடுத்த படங்களையும் மழைக் கணக்கையும் பார்த்து அது தமிழிலேயே பதில் சொல்லும்.

"மலையிலிருந்து வரும் தண்ணீர் வடகிழக்கு மூலையில் சேர்கிறது. குட்டைக்கு அதுவே ஏற்ற இடம்" என்றது. ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை.

முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. "அங்க பாம்புப் புத்து இருக்குது. கை வைக்கக் கூடாது" என்றேன்.

"எப்பவும் புத்து புத்துன்ற, நான் ஒரு நாளும் பாத்ததில்ல ஆயா. இரு, இதையே கேக்குறேன்."

"புற்று எதுவும் தெரியவில்லை. நிலம் சமமாக இருக்கிறது. ஆனால் பழைய படங்கள் எல்லாவற்றிலும் அந்த இடம் மட்டும் உழப்படாமல் இருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது?"

பேத்தி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். மரவள்ளி போய் மக்காச்சோளம் வந்தது, பருத்தி வந்தது. அந்தப் பச்சைப் பொட்டு மட்டும் நகரவில்லை. இமைக்காமல் என்னையே பார்த்தது.

"அத வாய மூடச் சொல்லுடி."

"அதுக்கு வாயே இல்ல ஆயா. உனக்கு இன்னாத்துக்கு இப்டி வேர்க்குது?"

நான் எழுந்து போய்விட்டேன்.

புற்று இருந்ததே இல்லை. என் தலைச்சன் பெண் ஒன்பது நாள்தான் இருந்தாள். அவள் அப்பா அங்கே புதைத்துவிட்டு, ஒரு கல்கூட நடாமல், இனி இதைப் பேசாதே என்றார். அவள் மேல் ஏர் போகக் கூடாது என்றுதான் புற்று என்று சொன்னேன். மழையில் கரைந்துவிட்டது, பாம்பு உள்ளேதான் இருக்கிறது என்றும் சொன்னேன். அதை நம்பி என் மருமகள் வெள்ளிதோறும் அங்கே பால் ஊற்றுகிறாள். நானும் கூடப் போய் நிற்பேன். எவ்வளவு ஊற்றினாலும் மண் உடனே குடித்துவிடும்.

புற்று இல்லை என்று தெரிந்ததும் மகன் அந்த மூலையிலேயே வெட்டச் சொல்லிவிட்டான். நாளை பொக்லைன் வருகிறது. மகனிடம் சொல்ல வாய் வரவில்லை, இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். இப்போது பேத்தியைக் கூப்பிட்டு நோட்டை நீட்டுகிறேன்.

"இந்தா, இதப் படி. உங்கப்பன் காதுல வுழற மாதிரி படி. மொதல்ல நாலுன்னு இருக்கும். வளத்தது நாலு. பெத்தது அஞ்சுன்னு சேத்துப் படி."