"அப்பாவுக்கு அடிபட்டுடுச்சு" என்று வந்தவன்

நெய்வேலி டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியையாக இருந்தபோது, ஒரு மத்தியானம் முன்பின் தெரியாத ஒருவன் என் வகுப்பு வாசலுக்கு ஓடி வந்தான்.

"மைன்ஸ்ல ஸ்டெல்லா அப்பாவுக்கு அடிபட்டுடுச்சுங்க. பாப்பாவைக் கூட்டிகினு வரச் சொன்னாங்க."

பதறிப்போய் அவள் பையை எடுத்தேன். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஸ்டெல்லாவோ, "மிஸ், இவர் யாரு?" என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

சுதாரித்தேன். அவனை உட்காரச் சொல்லிவிட்டு, அவளோடு ஆபீஸுக்குப் போய் அவள் அப்பாவின் செக்‌ஷனுக்கு போன் செய்தேன். அவரே லைனுக்கு வந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க டீச்சர், புள்ளைய அனுப்பிடாதீங்க!"

உடனே கேட்டைப் பூட்டச் சொன்னேன். ஓடப்பார்த்தவனை வாட்ச்மேனும் ஆசிரியர்களுமாக மடக்கிப் போலீஸில் ஒப்படைத்தோம். மறுநாள் பிரேயரில் ஸ்டெல்லாவுக்கு எழுந்த கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

இப்போதெல்லாம் தாய்மாமனே வந்து நின்றாலும், பெற்றோரிடம் பேசாமல் எந்தக் குழந்தையையும் நான் அனுப்புவதில்லை.

- ஜெசிந்தா, நெய்வேலி