துளசிக்கு வந்த ஈ

மலையாள மீன மாதம் பிறந்த பிறகு எங்கள் மொட்டைமாடியில் காய்த்த பாகற்காய் ஒன்றுகூட முழுதாக அடுப்படிக்கு வரவில்லை. விரல் நீளம் வந்ததும் ஓரிடத்தில் மஞ்சளித்து வளையும். நறுக்கினால் வெள்ளைப் புழு. பழ ஈ தோலைத் துளைத்து முட்டையிடுகிற வேலை. மனைவி கெடு வைத்துவிட்டாள். அடுத்த மாதமான மேடம் பிறப்பதற்குள் நல்ல காய் வராவிட்டால் கொடியைப் பிடுங்கிவிட்டுப் பயறு போடுவாளாம். ஆண்டுதோறும் நானே விதை எடுத்து வளர்த்துவரும் கொடி அது.

இந்த ஊரில் இதற்குத் துளசிப் பொறி வைப்பார்கள். தேங்காய்ச் சிரட்டையில் கசக்கிய துளசியும் சிறிது பூச்சிமருந்தும் போட்டுப் பந்தலில் தொங்கவிட்டேன்.

"ஏன்னா, பெருமாளுக்கு வெச்ச துளசியா இது? இப்போ ஈக்கு அர்ச்சனையாக்கும்!"

மறுநாள் சிரட்டை நிறையச் செத்த ஈ. பெருமையாக அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் அந்த வாரமும் பிஞ்சுகள் மஞ்சளித்தன.

இத்தனை ஈ செத்தும் காய் ஏன் பிழைக்கவில்லை? துளசியின் மணம் சில வகைப் பழ ஈக்களில் ஆணை மட்டுமே இழுக்கும் என்று எப்போதோ படித்திருந்தேன். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். சிரட்டையில் கிடந்தவற்றுக்குக் கறுத்த முதுகு, தெளிந்த இறகு. பிஞ்சின்மேல் உட்கார்ந்திருந்த ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். செம்பழுப்பு உடம்பு, இறகில் பழுப்புத் திட்டு, பின்முனையில் முட்டையிடும் ஊசி. இது பெண், இனமே வேறு. துளசிக்கு வந்த கறுப்பு ஈயோ மாம்பழத்தைத் தேடுவது. பக்கத்து வீட்டு மாமரத்தின் கிளை எங்கள் பந்தலுக்கு மேலேதான் நீண்டிருக்கிறது.

"அப்போ இத்தனை நாளும் அடுத்தாத்து மாங்காய்க்குக் காவல் காத்தேளா? நன்னாருக்கு!"

செம்பழுப்பு ஈயை எது இழுக்கும்? முட்டையிடும் பெண்ணுக்கு முதலில் பசிக்கும் என்று யோசித்து, கனிந்து கறுத்த பாளையங்கோடன் வாழைப்பழத்தை வெல்லத்தோடு பிசைந்து, அதே மருந்து கலந்து வேறு சிரட்டையில் வைத்தேன். வெயில் ஏறியதும் புளித்த வாடை மாடி முழுவதும் பரவியது. மாலையில் சிரட்டையைச் சரித்துப் பார்த்தேன். செம்பழுப்பு உடம்புகள், பலவற்றில் ஊசி.

மேட மாதம் பிறப்பதற்கு முந்தின நாள் பந்தலில் ஒரு காய் பச்சையாக, நேராகத் தொங்கியது. அவளே பறித்துக் குறுக்கே அரிந்தாள். விதைகளை விரலால் ஒதுக்கி இரண்டு முறை பார்த்தாள். புழு இல்லை.

"பயறை வேற தொட்டியில போட்டுக்கறேன்" என்றாள்.