பெரும்பாறைச் சரிவில் குறுக்கே நின்ற ஜேசிபி

ராஜமுருகனுக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளாது. பழனி அடிவாரத்தில் மாமனாரின் பஞ்சாமிர்தக் கடையில் சில மாதம் உட்கார்ந்தான், கால் பரபரத்தது. மினி பஸ் ஓட்டினான், அதுவும் அலுத்தது. ஜேசிபிதான் ஒத்துவந்தது. ஒரு மேட்டைக் கரைத்ததும் அடுத்த ஊர். காப்பியைக்கூட நின்றுகொண்டேதான் குடிப்பான் என்று மனைவி சுசித்ரா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

போன மாசியில் பெரும்பாறைக்கு மேலே, நல்லசாமியின் காபித் தோட்டத்தில் வேலை. காட்டேஜ் கட்ட இடத்தைச் சமன்படுத்த வேண்டும். ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பக்கெட்டின் பல் எதிலோ உரசியது. பாறை என்றால் வண்டியே அதிரும். இது மெல்லச் சாய்ந்தது. இறங்கிப் பார்த்தான். நாலு பக்கமும் பலகைக்கல் நட்டு, மேலே ஒரு கல்லால் மூடிய குழி. மூடி விலகிய இடுக்கில் கறுப்பும் சிவப்புமாகப் பானைகள், நடுவே எலும்பு. சரிந்த மண்ணில் கறுத்துப்போன காசு ஒன்று கிடந்தது. துடைத்தான், நீண்ட மூக்குள்ள யாரோ ஒருவனின் முகம் தெரிந்தது.

நல்லசாமி கெட்டவர் அல்ல. சீசனுக்குள் அறைகள் எழும்ப வேண்டுமே என்ற அவசரம். வெளியே தெரிந்தால் இடம் முடங்கிவிடும், எல்லாவற்றையும் அள்ளி ஓடையில் தள்ளு என்றார். காசை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார்.

ராஜமுருகன் ஏறி உட்கார்ந்து பக்கெட்டைத் தூக்கினான். அப்படியே கீழே இறக்கிவிட்டான்.

“யாரையோ படுக்க வெச்சிருக்காங்கண்ணே. என்னால முடியாதுங்க.”

“நீ இல்லாட்டி வேற ஆளு வருவான் தம்பி. வெரசா சொல்லு.”

வருவான் என்பது ராஜமுருகனுக்கும் தெரியும். தோட்டத்துக்குள் வர ஒரே தடம்தான். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். அதில் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, சாவியை உருவிக்கொண்டு, காசையும் சட்டைப்பையில் போட்டு இறங்கி நடந்தான். நல்லசாமி கூப்பிட்டது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

விஷயத்தைச் சொல்ல பஸ் பிடித்துப் போன தாலுகா ஆபீசில் காத்திருக்கச் சொன்னார்கள். உட்கார்ந்தான், எழுந்தான், வாசலுக்கு வந்தான், மறுபடி உள்ளே போனான். இன்னொரு இயந்திரம் நுழைய முடியாது, சரி. கடப்பாரைக்குத் தடம் எதற்கு? அந்த நினைப்பு வந்தபின் அவன் உட்காரவே இல்லை. வண்டி முதலாளி போனில் திட்டித் தீர்த்தார். இவன் பாதியிலேயே வைத்துவிட்டான். மதியத்துக்கு மேல்தான் தாசில்தாரைப் பார்க்க முடிந்தது. காசைப் பார்த்ததும் அவர் ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

தோட்டத்தில் மூடிக்கல் புரண்டு கிடந்தது. ஒரு பானை இரண்டாக உடைந்திருந்தது. கடப்பாரையைப் பக்கத்தில் போட்டுவிட்டு நல்லசாமி தனியாக உட்கார்ந்திருந்தார். கூட வந்த தாசில்தாரை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

“உள்ள பால்பல்லு கெடக்கு முருகா,” என்றார். “புள்ளயப் பொதச்ச எடம். அதுக்கு மேல எனக்குக் கை வரல.”

ராஜமுருகன் பக்கத்தில் போய் நின்றான்.

தொல்லியல் துறையிலிருந்து தமிழ்மதி என்ற அதிகாரி வந்தார். அது ரோமாபுரிக் காசு, இந்த மலையின் மிளகுக்கு விலையாக வந்திருக்கலாம் என்றார். சரிவில் இன்னும் பல கல்லறைகள் புதைந்திருக்கின்றனவாம். அவசரப்பட்டுத் தோண்டினால் கெட்டுவிடும், இப்போதைக்கு மண்ணுக்குள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு என்று எல்லாவற்றையும் அளந்து, படமெடுத்து, மணல் பரப்பி மூடச் சொன்னார். மூடியது ராஜமுருகன்தான். இயந்திரம் கூடாது என்றதால் மண்வெட்டியால் மூடினான். நல்லசாமி கூடைகூடையாக மணல் எடுத்துக் கொடுத்தார். காட்டேஜ் கீழ்ப்பக்கம், சிறிதாக எழும்பியது.

வண்டி முதலாளி அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இப்போது மலைமேலே கிளாவரையிலிருந்து பிக்கப்பில் காய்கறி ஏற்றி இறங்குகிறான். காசு கிடைத்த சங்கதி பரவி, புதையல் தேடி ஆட்கள் அந்தப் பக்கம் திரிவதாகப் பேச்சு. சுற்றுவழி என்றாலும் பெரும்பாறை வழியாகவே வருகிறான். வண்டியை ஓரங்கட்டி, மேலேறிப்போய், மண் கலையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறான். கலையவில்லை என்று தெரிந்து வண்டிக்குத் திரும்பினால், நாலு வளைவு தாண்டுவதற்குள் மறுபடி சந்தேகம் வந்துவிடுகிறது.