மூன்று பேர் சேர்ந்து படித்த ஒரு வரி

எங்கள் ஓசூர் கம்பெனியில் எதையும் சாமி பெயரில்தான் தொடங்குவோம். புது விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டர் வந்ததும் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, முதல் வேலையாக சி டிரைவில் ‘முருகன்’ என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கினேன். பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் எங்கள் இலவச புரோகிராமை, ‘லேபிள்’ என்ற அதன் ஃபோல்டரோடு பழைய மெஷினிலிருந்து எடுத்து அதற்குள் போட்டேன்.

கிளிக் செய்தால் கறுப்புத் திரை ஒன்று மின்னி மறைந்தது. அதில் ஒரே ஒரு வரி. படிப்பதற்குள் போய்விட்டது. வாசலில் லாரி நின்றது. இருட்டுவதற்குள் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டும். லேபிள் இல்லாத பெட்டியைச் சரக்கு வாங்கும் பார்ட்டி திருப்பி அனுப்பிவிடும்.

“மேடம், ஒருத்தரே பாத்தா ஆகாது. ஆளுக்கொரு பக்கம் பாக்கலாம்,” என்றார் ஸ்டோர்ஸ் மஞ்சுநாத்.

நான் இடது பக்கம், அவர் நடு, எட்டிப் பார்த்த லாரி டிரைவர் வெங்கடேசு வலது பக்கம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தேன்.

“சி டிரைவ்,” என்றேன்.

“லேபிள்,” என்றார் மஞ்சுநாத்.

“நாட் ஃபவுண்டுனு இருக்குதுங்க,” என்றார் டிரைவர்.

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. புரோகிராம் தன் ஃபோல்டரை நேராக சி டிரைவில் தேடுகிறது. நானோ அதை முருகனுக்குள் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் வெளியே எடுத்து நேராக சி டிரைவில் போட்டேன். பிரிண்டர் கரகரவென்று ஓட, மஞ்சுநாத்தின் முதுகில் டிரைவர் ஓங்கித் தட்டினார்.

அதன்பிறகு எந்த மெஷின் மக்கர் செய்தாலும் நான் தனியாக மல்லுக்கட்டுவதில்லை. பக்கத்தில் யார் இருந்தாலும் கூப்பிட்டுவிடுவேன்.

முருகன் ஃபோல்டர் காலியாகவே கிடந்தது. அதை அழிக்க எங்கள் யாருக்கும் கை வரவில்லை.