பெர்மிற் முடிய முதல் பிரெஞ்சு

கனடாவில, ஸ்காபரோவில பிரெஞ்சு படிப்பிக்கிறவைக்கு முதல் வேண்டியது பொறுமை, ரெண்டாவது பிரஷர் குளிசை. என்னைப்போல மாட்டுப்பட்ட ரீச்சர்மாருக்கு இது விளங்கும். பரிஸில பத்து வருசம் இருந்திட்டு, கலியாணம் கட்டி இஞ்ச வந்தனான். அங்க கடையில நிண்டு பழகின பிரெஞ்சு, இப்ப பேஸ்மென்ரில வகுப்பா நடக்குது.

ஆர் கதைக்கினம்?

தவராசா அண்ணை என்னட்டப் படிக்க வந்த ரெஸ்ரோரன்ற் குக். மனிசியும் ரெண்டு பிள்ளையளும் இஞ்சதான். வேர்க் பெர்மிற் முடிய இன்னும் நாலு மாசம்தான். வயசால குடிவரவுப் பொயின்ற்ஸ் குறைஞ்சுபோச்சு. பிரெஞ்சு பாஸ் பண்ணினாத்தான் குடும்பத்துக்குப் பி.ஆர்., நிரந்தரமா இருக்கிற உரிமை, கிடைக்கும்.

"எங்கட இந்த வோபர்ன் பக்கத்தில ஆர் பிரெஞ்சு கதைக்கினம்?" எண்டு முதல் நாளே கேட்டார். நான் விளக்கினன்: இஞ்ச பிரெஞ்சுக்காரர் இங்கிலிஷ்காரருக்கு முதலே குடியேறினவை. பிறகு பிரெஞ்சு கதைக்கிற கியூபெக் மாகாணச் சனம் தங்கட மொழிக்குச் சம இடம் வேணுமெண்டு விடாப்பிடியா நிண்டுது. நாடு பிரிஞ்சிடுமோ எண்ட பயத்தில ஒட்டாவா அரசாங்கம் ரெண்டையும் அரச மொழியாக்கிச்சுது. எல்லாருக்கும் முதல் இருந்த பூர்வீகக் குடியளை ஒருத்தரும் கேக்கேல்லை. அண்ணை கொப்பியை மூடினார்.

"எங்கட நாட்டிலயும் தமிழ் சட்டத்தில இருக்குத்தான், ரீச்சர். எனக்குக் கந்தோரால வந்த கடிதம் மட்டும் சிங்களத்தில."

வாதாட்டம் சைபர்

பேச்சுச் சோதனையில ஒரு விளம்பரத்தைக் காட்டி, சோதிக்கிறவரை அதுக்குச் சம்மதிக்க வைக்கச் சொல்லுவினம். அவை வேணுமெண்டே மறுப்பினம். நாங்கள் விடாமல் வாதாட வேணும். நான் சோதிக்கிறவளா இருந்து, "காட்டில கூடாரமடிக்கிற காம்பிங்குக்கு வர எனக்கு நேரமில்லை" எண்டன். அண்ணை நல்ல சுத்தமான பிரெஞ்சில, "பரவாயில்லை, மன்னிக்கோணும்" எண்டு முடிச்சிட்டார்.

ஐயோ, எனக்கு வந்த விசர்! ஆறு கிழமையா இதே கூத்து. சோதனைக்குப் பத்து நாள்தான் கிடக்கு, எனக்கு நித்திரையில்லை. "பிள்ளையளை யோசிக்கேல்லையோ அண்ணை?" எண்டு கத்திப்போட்டன். அவர் பேனையைக் கீழ வச்சார்.

"ரீச்சர், ஊரில ஆமி ஒபிசருக்கு முன்னால மறுத்துக் கதைச்ச சிலபேர் வீடு திரும்பேல்லை."

சோதனை நாள்

அண்டைக்கு முழுக்கப் போனைக் கையில வச்சபடி இருந்தன். பின்னேரம் அண்ணை போன் எடுத்தார். குரல் இறங்கிக் கிடந்தது. துலைஞ்சுது எண்டு நினைச்சன். ஆனா சோதிச்ச மனிசி நேரமில்லை, குளிர், நுளம்பு எண்டு மறுக்க மறுக்க, அண்ணை விடேல்லையாம். கடைசியில அவ சிரிச்சுக்கொண்டு வாறன் எண்டாவாம். "அப்ப வெண்டிட்டியள் அண்ணை!" எண்டு துள்ளினன். அவர் மெதுவாக் கேட்டார்:

"ரீச்சர், என்ர பேர், விலாசம் எல்லாம் அவவிட்ட இருக்கு. ஒண்டும் செய்யமாட்டாவெல்லே?"

பிரெஞ்சு படிப்பிச்சு முடிஞ்சுது. ரிசல்ற் வருமட்டும், "அவ ஒண்டும் செய்யமாட்டா அண்ணை" எண்டதை நாளுக்கு மூண்டு தரம் போனில படிப்பிச்சுக்கொண்டிருக்கிறன்.