அத்தைக்கு வந்த கைபேசி நோய்

அப்பா நூலகத்திலிருந்து கொண்டுவரும் புத்தகங்கள் எல்லாம் ஒரே கதைதான். இயந்திரம் வந்தது, மனிதன் கெட்டான். அவற்றை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, அடுத்த நிமிடமே கைபேசியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார். அந்தப் புத்தகங்களை நம்பியது வீட்டில் நான் ஒருத்திதான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அந்த மாதம் வந்தது, கைபேசி மனிதர்களை என்ன செய்கிறது என்பதைப் பற்றிய தடித்த புத்தகம். அதற்கு அடிமையானவர்களைக் கண்டுபிடிக்க ஒரு பட்டியலே போட்டிருந்தார்கள். மணி அடிக்காதபோதும் எடுத்துப் பார்ப்பார்கள். அடுப்படிக்கும் கொண்டுபோவார்கள். தனியே சிரிப்பார்கள். மூன்றும் எங்கள் அத்தைக்கு இருந்தன.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா பிரான்சில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தார். கல்யாணமான பதினைந்தாம் நாள் விமானம் ஏறியவர். அங்கே போவதற்கான விசா காகிதங்கள் சரியாகும்வரை அத்தை நெல்லித்தோப்பில் எங்களோடு இருந்தாள். மற்ற நாள்களில் மாமா விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்; முடித்து அறைக்கு வரும்போது இங்கே விடியப்போகும். ஞாயிறு மட்டும் வேலைக்குச் சற்றுத் தாமதமாகப் போகலாம் என்பதால் மதியம் கூப்பிடுவார். அங்கே அப்போது காலை. அத்தை பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிவந்து குழம்பு வைத்து, கைபேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து, தட்டோடு எதிரே உட்காருவாள். மாமா ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "கொழம்பு கறுத்திருக்கே, பழம்புளியா?" என்று விசாரிப்பார். அவர்கள் சேர்ந்து சாப்பிட்டது அப்படித்தான்.

அத்தை என்றால் எனக்கு உயிர். காப்பாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். அந்த ஞாயிறு அவள் குளிக்கப் போனதும் கைபேசியின் சத்தத்தை நிறுத்தி, துண்டில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் புதைத்தேன்.

ஈரத்தலையோடு வந்து தேடினாள். தலையணைக்கு அடியில், அடுப்படியில், மீன் வாங்கிய பையில்கூடத் தேடினாள். நான் யாரும் சொல்லாமலே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அது போதும்.

"எங்கடி வச்ச?"

எடுத்துத் தந்தபோது மாமா ஏழு முறை கூப்பிட்டு ஓய்ந்திருந்தார். அத்தை திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள். அவர் சமையற்கட்டுக்குள் போய்விட்டிருந்தார். அங்கே யாரும் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாதாம்.

அம்மா கையை ஓங்கினாள். அத்தை தடுத்து, என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"ஏன்டா கண்ணு இப்படிப் பண்ண?"

புத்தகத்தை எடுத்துவந்து பட்டியலை வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள்.

"எவ்ளோ நேரம் பேசலாம்னு அதுல போட்டிருக்கா?"

பக்கத்தைத் தேடி எடுத்தேன். "ஒரு நாளைக்கு அரை மணி நேரம்னா ஒண்ணும் ஆவாதாம்."

"ஒரு நாளைக்கா?" என்றாள். அந்த வரியில் விரல் வைத்துத் தானும் ஒருமுறை படித்தாள். "எங்களுக்கு வாரத்துக்கே அவ்ளோதாண்டா கெடைக்குது."

விரல்விட்டுக் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம்கூட வரவில்லை. "அப்ப ஒனக்கு நோய் இல்ல அத்தை" என்று துள்ளினேன். இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. அத்தை என் தலையைத் தடவி, "சரிடா" என்றாள்.

அவ்வளவு நல்ல சேதி சொன்ன பிறகும் அவள் ஏன் தன் தட்டைக் கவிழ்த்து வைத்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கோ நல்ல பசி. சங்கரா மீனில் இரண்டு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன். அத்தை எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை முள் எடுத்துக் கொடுத்தாள்.