காலித் தூளியின் தாளம்

ஊர்க்காரர்களிடம் சத்தம் வாங்கி வைக்கிற தொழிலில் ஒரு தொல்லை: கொடுத்தவர் படியிறங்கிப் போய்விடுவார், சத்தம் போகாது.

ஓசூர்க்காரர்களே சேர்ந்து ஒரு ஆர்க்கெஸ்ட்ரா இசையை உருவாக்குவது என்று திட்டம். கம்பெனிக்குப் போகிறவர், பூ வெட்டுகிறவர், கடை வைத்திருப்பவர் என்று யார் வேண்டுமானாலும் வந்து ஒரு மெட்டோ தாளமோ தரலாம். பெங்களூரிலிருந்து வரும் நெல்சன் சார் அதையெல்லாம் கோத்து வயலினுக்கும் செல்லோவுக்கும் ட்ரம்பெட்டுக்கும் எழுதுவார். கச்சேரியன்று தந்தவர்களும் மேடையேறி வாசிக்க வேண்டும். பாகலூர் ரோட்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பதிவு செய்து, கேட்டதை மேற்கத்திய முறையில் கோடு போட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் முட்டியில் ஸ்கேலால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தது இப்படிச் சோறு போடும் என்று நான் நினைத்ததே இல்லை.

கைக்குழந்தையோடு வேலைக்குப் போகும் சக பாவிகளுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. என் மகள் தியாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. பதிவறையின் கூரைக் கொக்கியில் என் பழைய புடவையைத் தூளியாகக் கட்டி, அதிலிருந்து ஒரு கயிற்றை என் கால் கட்டைவிரலில் மாட்டி, ஆட்டிக்கொண்டேதான் வேலை பார்ப்பேன். கணவர் நைட் ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார். எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். ஏன் என்று படித்தால் புரியும்.

ஒரே வேகம்

முதலில் வந்தவர் சேகர். சூளகிரிப் பக்கம் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். மெஷின் அடிக்கிற அடியை மேஜைமேல் உள்ளங்கையால் தட்டிக் காட்டினார். அடுத்த வாரம் முனிரத்னம்மா வந்தார். ரோஜாத் தோட்டத்தில் வேலை. பூ வெட்டும் கத்தரியை வெறும் காற்றில் வெட்டிக்கொண்டே ஒரு கன்னடப் பாட்டுப் பாடினார். இவரை அவருக்குத் தெரியாது, அவரை இவருக்குத் தெரியாது. அப்புறமும் நிறையப் பேர் வந்தார்கள். நெல்சன் சார் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் அத்தனையும் ஒரே வேகம். இம்மி பிசகவில்லை.

ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக் கேட்டபோது அடியில் ஒரு சத்தம் அகப்பட்டது. க்ரீ...ச். க்ரீ...ச். தியாவின் தூளிக் கொக்கி. வந்தவர்கள் எல்லோரும் தம்மை அறியாமல் அதன் வேகத்துக்கே தட்டியிருக்கிறார்கள், பாடியிருக்கிறார்கள். நெல்சன் சாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தச் சத்தத்தையே முழு இசைக்கும் ஆதாரமாக வைத்துவிட்டார். சேகரிடம் சொன்னபோது சிரித்தார்.

"எங்க சூப்பர்வைசரு எங்களையெல்லாம் ஒரே ஸ்பீடுல ஓட்டணும்னு எத்தினி வருசமா கத்தறாரு சிஸ்டர். உங்க பாப்பா தூங்கிக்கினே செஞ்சிருச்சு பாருங்க."

லீவு போட்ட நாள்

தடுப்பூசி போட்டதில் தியாவுக்குக் காய்ச்சல். கணவருக்கு அன்று வார லீவு, அதனால் அவரிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்தேன். சேகர் பட்டறை நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து தட்டிவிட்டுப் போனார். பதிவு நடக்கும்போது ஃபேன் போட மாட்டோம். ஜன்னலும் சாத்தியிருந்தது. கயிறு என் காலில் இல்லை.

அவர்கள் போனதும் கேட்டுப் பார்த்தேன். க்ரீ...ச். க்ரீ...ச். தூளி கட்டத் தெரிந்த எவளுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். காலித் தூளியைத் தள்ளினால் சத்தம் மெலிசாக, அவசரமாக வரும். பிள்ளை படுத்திருந்தால் கனமாக, இழுத்துக்கொண்டு வரும். ஹெட்ஃபோனில் கனமாக வந்தது. திரும்பிப் பார்த்தேன். தூளி ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கணவருக்குப் போன் போட்டு, தியா எங்கே என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் அரைத் தூக்கத்தில் இருந்தார்.

"என் நெஞ்சு மேல படுத்துத் தூங்கறா. ஏன், அங்க வந்திருக்காளா?"

எண்ணெய்

கீழே ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ரஃபீக் பாய்தான் அந்தக் கொக்கியை எனக்கு விற்றவர். ஏணியோடு மேலே வந்து, எண்ணெய் விட்டு, தூளியைக் கையால் நாலு ஆட்டு ஆட்டினார். ஒரு சத்தமும் இல்லை. அவர் இறங்கிப் போனதும், யாரும் பேசாத வெறும் அறையைக் கொஞ்ச நேரம் பதிவு செய்தேன். அதிலும் அதே க்ரீ...ச். கடைக்கு ஓடிப்போய் அவரை மறுபடி கூட்டிவந்து ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன்.

கேட்டார். கழற்றினார். காது பட்ட இடத்தைச் சட்டை நுனியால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"கொக்கிக்கு நான் கேரன்டிம்மா. இது கொக்கி போடற சத்தமில்ல."

டவுன்பஸ் சீட்

காய்ச்சல் விட்டது, வயிற்றுவலி பிடித்துக்கொண்டது. நெல்சன் சார் ஸ்பீக்கரில் அந்தச் சத்தத்தைப் போடும்போதெல்லாம் தியா முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடுவாள். நிறுத்தினால் நிறுத்துவாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஒன்றுமில்லை, பல் வருகிற நேரம் என்றார். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை.

ஒத்திகைக்கு வந்த முனிரத்னம்மா இதைக் கண்ணால் பார்த்துவிட்டார். "காலித் தூளிய யாரு ஆட்டினது?" என்றுதான் முதலில் கேட்டார். காலித் தூளியை ஆட்டினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்று எங்கள் தெருவிலும் சொல்வார்கள். இதையெல்லாம் நம்பக்கூடாது என்று கான்வென்ட்டில் வளர்ந்தவள் நான். யாரும் ஆட்டவில்லை, ஆடுகிற சத்தம் மட்டும் அது பாட்டுக்கு வருகிறது என்றேன். சரி, ஆடினால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள் என்றும் கேட்டு வைத்தேன். கத்தரியைப் பைக்குள் வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"எடம் காலியா இருந்தா யாராச்சும் வந்து குந்திக்குவாங்கதான மேடம்? டவுன்பஸ்ல போனதில்லையா நீங்க? அப்புறம், சீட்டுக்காரி வந்து எந்திரின்னா சண்டைதான்."

இரண்டில் ஒன்று

அந்தச் சத்தத்தை வெட்டிவிடச் சொல்லி நெல்சன் சாரிடம் கெஞ்சினேன். முடியாது என்றார். வயலின்காரர்களுக்கும் செல்லோக்காரர்களுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. கடைசிப் பகுதியில் எல்லா வாத்தியமும் சேர்ந்து அந்த க்ரீச்சைத்தான் வாசிக்கப் போகின்றன. அது மட்டுமில்லை, மேடை நடுவில் என் தூளியையே தொங்கவிட்டு அதன் ஆட்டத்துக்குத்தான் எல்லோரும் வாசிக்க வேண்டுமாம்.

யோசித்துப் பாருங்கள். ஊரே கூடி, டை கட்டிய ஆட்களை பெங்களூரிலிருந்து வரவழைத்து, என் பிள்ளையின் காலித் தூளியை ஆட்டப் போகிறது. அவளைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடலாமா என்று பார்த்தேன். எங்கே போவது? தூளி ஆடினால் அவளுக்கு வலிக்கும், அவள் எங்கே இருந்தாலும். நெல்சன் சார் கெட்டவர் இல்லை. என் கண்ணைப் பார்த்து இரக்கத்தோடுதான் சொன்னார்.

"காலியா இருக்கறதுதானே உங்க பயம்? அப்ப குழந்தையைப் படுக்க வெச்சிடுங்க. நானே ஆட்டறேன்."

குண்டப்பா

படுக்க வைக்க நான் ஒப்பவில்லை. அங்கே ஏற்கெனவே யார் படுத்திருப்பது என்று தெரியாமல் எந்தத் தாய் வைப்பாள்? முனிரத்னம்மாதான் ஒரு வழி சொன்னார். அவர்கள் ஜனத்தில் பேர் வைக்கும் நாளில் குழந்தையை நேராகத் தொட்டிலில் போடுவதில்லையாம். மசாலா அரைக்கிற குண்டுக்கல்லைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, குண்டப்பா என்று கொஞ்சி, அதைத்தான் முதலில் போட்டு ஆட்டுவார்களாம். "வந்தது கல்லோட இருந்துக்கும், பாப்பாவ விட்டுரும்" என்றார்.

கச்சேரி ஒரு கல்யாண மண்டபத்தில். முனிரத்னம்மா தன் வீட்டுக் கல்லை மஞ்சள் பூசி, என் மகளின் பூப்போட்ட துணி ஒன்றில் சுற்றி, தூளியில் போட்டார். நான் முதல் வரிசையில் தியாவை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெல்சன் சார் ஒரே ஒரு தடவை தூளியைத் தள்ளிவிட்டார். சேகர் தட்டினார், கத்தரி வெட்டியது, அத்தனை வயலினும் க்ரீ...ச் என்று இழுத்தன. தியாவின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். முழங்கால் மடங்கவில்லை. வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு தள்ளலுக்குத் தூளி எவ்வளவு நேரம் ஆடுமோ, அதற்கு மேலும் ஆடிக்கொண்டிருந்தது. ஜனம் அதையும் இசை என்று நினைத்து மூச்சுவிடாமல் பார்த்தது. அது நின்ற பிறகுதான் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் போனேன். முனிரத்னம்மா கல்லைத் துணியோடு தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டிருந்தார். கல்லைத் தூக்குகிறவர் யாரும் அப்படித் தூக்க மாட்டார்கள். துணியைத் தொட்டுப் பார்த்தேன். நனைந்திருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது. மேடையில் தண்ணீர் பாட்டில் எதுவும் இல்லை. வெளியே மழையும் இல்லை. அவர் கொஞ்சம்கூடப் பதறவில்லை.

"பையன் நனைச்சுட்டான் மேடம். பையில மாத்துத் துணி இருந்தா குடுங்க, ஈரத்தோடயா உங்க வீட்டுக்கு அனுப்பறது?"

ஊரே கூடி இசையமைத்ததில் தியாவின் வயிற்றுவலி போய்விட்டது, கல்லும் என் வீட்டுக்கே வந்துவிட்டதில் துவைக்கிற துணி மட்டும் எனக்கு இரண்டு பிள்ளைகளுக்கு ஆகிவிட்டது.